என் மைல்களில் பறந்தவர்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் என் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார். இனிஷியலும் ஒன்றுதான். இதில் அதிசயம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு தலையாவது திரும்பும். அவர் மார்க்கெட்டிங் மேனேஜர், வாணியம்பாடிப் பக்கத்துக்காரர், சென்ட் மணக்க நடப்பவர். நான் தரக்கட்டுப்பாட்டில் இன்ஜினியர். கம்பெனியில் அவரைப் பெரிய பாய் என்றும் என்னைச் சின்ன பாய் என்றும் கூப்பிட்டார்கள். எனக்கு முப்பது தாண்டி, இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் நான் சின்ன பாய்தான்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நாங்கள் லாரிக்கும் டிராக்டருக்கும் பிரேக் சாமான் செய்து வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கே ஏதாவது ஒரு கம்பெனியில் எங்கள் சாமான் பொருந்தவில்லை என்று போன் வந்தால், மறுநாள் விடிகாலை நான் பெங்களூரில் விமானம் ஏற வேண்டும். அவர்கள் முற்றத்தில் பெட்டி பெட்டியாக எங்கள் சாமானைக் கொட்டி வைத்திருப்பார்கள். நான் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து, தேறுவது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அவர்களுடைய சூப்பர்வைசர் பின்னால் நின்று இந்தியில் திட்டிக்கொண்டிருப்பான். சூளகிரியில் நெடுஞ்சாலை ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருந்த என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், இதைக் கேட்டுச் சிரிப்பார். "ஒங்க கம்பெனி சாமான் ஒடைஞ்சாத்தான் ஒன்னை ஏரோப்ளேன்ல ஏத்தறான். நல்லபடியா செஞ்சுட்டா ஒனக்கு டவுன் பஸ்ஸுதான்."

பெரும்பாலும் சாமான் கெட்டுப்போனதற்குக் காரணம் பெரிய பாய்தான். பதினைந்து நாளில் செய்ய வேண்டிய ஆர்டரை ஒரு வாரத்தில் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அவசரத்தில் செய்த சாமான் அப்படித்தான் இருக்கும். அவர் வாக்குக் கொடுப்பார். நான் போய் முற்றத்தில் குந்துவேன்.

அந்தச் சமயத்தில் புதிதாக வந்த ஒரு தனியார் விமானக் கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அடிக்கடி பறக்கிறவர்கள் உறுப்பினராகச் சேரலாம், பறக்கிற ஒவ்வொரு மைலும் கணக்கில் ஏறும், போதுமான அளவு சேர்ந்தால் ஓசி டிக்கெட். கம்பெனிதான் டிக்கெட் வாங்கியது என்றாலும் மைல் பறந்தவனுக்குத்தான். விமானத்திலேயே விண்ணப்பம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து நீல நிறத்தில் பிளாஸ்டிக் அட்டை வீட்டுக்கு வந்தது. என் மனைவி அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். அவளுடைய அக்கா கல்யாணமாகிப் பம்பாய் போனவள். நாலு வருஷமாக இருவரும் முகம் பார்க்கவில்லை.

"நெசமாவே ரெண்டு டிக்கெட் தருவானா?" என்று கேட்டாள்.

"நான் இன்னும் கொஞ்சம் திட்டு வாங்கினா தருவான்" என்றேன்.

அடுத்த பயணத்தில் விமான நிலையக் கவுன்டரில் அட்டையை நீட்டினேன். அங்கிருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "நம்பர் ஏற்கெனவே போட்டிருக்கு சார்" என்றாள். எங்கள் டிராவல் செக்‌ஷனில் யாரோ அக்கறையாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அட்டையை உள்ளே வைத்தேன். அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனை தடவை டெல்லிக்கும் பூனாவுக்கும் போய் வந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. போர்டிங் பாஸின் கிழித்துக் கொடுக்கிற துண்டை மட்டும் பத்திரப்படுத்தும் பழக்கம் இருந்தது. அளக்கிற கருவிகள் வைக்கும் பெட்டியின் மூடிக்குள் அவை சேர்ந்துகொண்டே போயின.

இரண்டாம் வருஷத்துக் குளிர்காலத்தில் அத்தாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகிக் கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் ராத்திரி அங்கே படுத்து, காலையில் பஸ் பிடித்து ஓசூர் வந்து, வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் டெல்லிப் பக்கத்து ஃபரிதாபாத்திலிருந்து போன் வந்தது. பெரிய பாய் என்னைக் கூப்பிட்டார்.

"சார், அத்தாவுக்கு முடியல. இந்த ஒரு தடவை வேற யாரையாச்சும் அனுப்புங்க" என்றேன்.

"வேற யாரைத் தம்பி அனுப்பறது? அங்க லைன் நின்னுடும். நின்னா மொத்த ஆர்டரும் போச்சு. ரெண்டே நாள். நான் இங்கதானே இருக்கேன், ஆஸ்பத்திரிக்கு நான் போய்ப் பாத்துக்கறேன்."

"டாக்டர் கூடவே இருக்கச் சொல்றாரு சார்."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. அல்லா இருக்கான், போய்ட்டு வா."

போனேன். மறுநாள் மத்தியானம் ஃபரிதாபாத் முற்றத்தில் நான் குந்தியிருந்தபோது ஆபீஸ் பையன் ஒருவன் ஓடிவந்து போன் என்றான். மச்சான் பேசினார். அத்தா காலமாகி ஒரு மணி நேரம் ஆகிறது என்றார். மையித்தை எப்போது எடுப்பது என்று ஜமாத்தில் கேட்கிறார்கள் என்றார். சாயங்கால விமானத்தில் இடம் இல்லை. மறுநாள் காலையில்தான் கிடைத்தது. எங்களில் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் இல்லை. "எனக்காக வெக்காதீங்க, எடுத்துடுங்க" என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு முற்றத்துக்குத் திரும்பிவந்து மிச்சமிருந்த பெட்டியையும் அளந்து முடித்தேன். அறைக்குப் போனால் சுவர்தானே இருக்கும்.

மறுநாள் பெங்களூரில் இறங்கி, பஸ் மாறிச் சூளகிரி போய்ச் சேர்ந்தபோது மத்தியானத் தொழுகை முடிந்திருந்தது. கபர்ஸ்தானில் ஈர மண்ணைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய பாய் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை என்று அம்மா சொன்னாள். மூன்றாம் நாள் காரில் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மவுத்து நம்ம கையிலயா இருக்கு தம்பி" என்றார். வந்தவர்களுக்கு முன்னால் தலையாட்டினேன்.

கோடை விடுமுறையில் அவர் குடும்பத்தோடு கோவா போய் வந்தார். விமானத்தில் போனதாகப் பேச்சு. திரும்பி வந்ததும் மேசைக்கு ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு வைத்தார். எனக்கும் வைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் தின்றார்கள், நானும் தின்றேன்.

அதற்கடுத்த மாதம்தான் விமானக் கம்பெனியிலிருந்து என் கணக்கு நிலவரம் தபாலில் வந்தது. மைல் பூஜ்யம். மனைவி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு அலைஞ்சும் ஒண்ணுமே இல்லியா?"

பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து பெங்களூர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். விட்டுப்போன மைலைக் கோரலாம், போர்டிங் பாஸ் துண்டும் டிக்கெட் நகலும் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. திரும்பப் போன் செய்தேன். "இந்தப் பயணங்களுக்கு ஏற்கெனவே மைல் கொடுத்தாச்சு சார்" என்றான் ஒருவன்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"என் கணக்குல இல்லியே."

"நேர்ல வாங்க சார்."

ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அத்திப்பள்ளி வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். கவுன்டரில் ஒரு பெண் இருந்தாள், கன்னடக்காரி, தமிழ் நன்றாகவே பேசினாள். என் துண்டுகளை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"உங்க பேர்ல ரெண்டு அக்கவுன்ட் இருக்கே சார். ரெண்டுக்கும் ஓசூர்ல ஒரே கம்பெனி. ஒண்ணு காலி. இன்னொண்ணுல நிறைய இருக்கு. அந்த இன்னொருத்தர் யாரு?"

யார் என்று புரிய எனக்கு நேரம் ஆகவில்லை. எனக்குள் முதலில் வந்தது சிரிப்புத்தான். இனிஷியல் முதற்கொண்டு ஒன்றாக இருந்து தொலைத்ததில் மனுஷன் எவ்வளவு சுலபமாகக் காரியம் பார்த்திருக்கிறார். தேதி வாரியாக வாசிக்கச் சொன்னேன். அவள் வாசிக்க வாசிக்க நான் துண்டோடு சரிபார்த்தேன். பூனா, டெல்லி, டெல்லி, திரும்பப் பூனா. நடுவில் அந்தக் குளிர்காலத்துத் தேதி வந்தது. அத்தா மவுத்தான பயணம். போனதும் ஏறியிருந்தது, மறுநாள் காலை நான் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு திரும்பி வந்ததும் ஏறியிருந்தது.

"சார், தண்ணி வேணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இதுல கோவா போயிருக்காரா?"

"நாலு டிக்கெட் எடுத்திருக்கார். இப்ப தசரா லீவுக்கு டெல்லிக்கு அஞ்சு டிக்கெட் போட்டு வெச்சிருக்கார்."

வாயில் முந்திரிப்பருப்பின் ருசி வந்ததுபோல இருந்தது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, தப்பா ஏறிடுச்சுன்னு சொல்லி உங்க மைலை மட்டும் உங்க பக்கம் மாத்தித் தரேன். சத்தம் இல்லாம முடிஞ்சுடும். உங்களுக்கு உடனே டிக்கெட் எடுக்கற அளவு இருக்கு. இல்லேன்னா கம்ப்ளைன்ட் குடுங்க. மத்தவங்க பயணத்தைத் தன் பேர்ல ஏத்தினது நிரூபணமானா அந்த அக்கவுன்டையே மூடிடுவாங்க, எடுத்து வெச்ச டிக்கெட்டும் கேன்சல். ஆனா விசாரணை முடிஞ்சு வர்றப்ப உங்க பழைய மைல் திரும்பக் கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. காலம் தாண்டிப்போச்சுன்னு சொல்லிடலாம்."

பம்பாய் டிக்கெட் இரண்டும் அந்தக் கவுன்டரின் மேலேயே இருந்தது. கையை நீட்டினால் போதும். நான் மனைவியை நினைத்தேன், அவள் அக்காவையும் நினைத்தேன். பிறகு "ரெண்டே நாள், நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துக்கறேன்" என்ற குரலை நினைத்தேன்.

"கம்ப்ளைன்ட் எழுதறேன்" என்றேன்.

"யோசிச்சுக்குங்க சார்."

"யோசிச்சாச்சும்மா. பேனா குடுங்க."

திங்கட்கிழமை டிராவல் செக்‌ஷனுக்குப் போனேன். அங்கே டிக்கெட் போடுகிற பெண் ராயக்கோட்டையிலிருந்து தினமும் வந்து போகிறவள். "என் டிக்கெட்ல எந்த நம்பர் போடறீங்கம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"பெரிய பாய் குடுத்த நம்பர்தாங்க சார். ரெண்டு பேருக்கும் இதையே போடுன்னாரு. கம்பெனி நம்பருன்னு நெனச்சேன். ஏன் சார், தப்புங்களா?"

"உங்க மேல தப்பில்ல. அப்படியே போடுங்க, மாத்தாதீங்க" என்றேன். அவர் எச்சரிக்கையாகிவிடக் கூடாது அல்லவா.

அந்த ஒரு மாதம் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பெரிய பாய் ஊரில் இருக்கும் நாளில் கேன்டீனில் எதிரே உட்கார்ந்து ஆக்ரா, தாஜ்மகால், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் என்று பேசுவார். "டெல்லியில குளிர் எப்படித் தம்பி இருக்கும்? ஒனக்குத்தான் தெரியும்" என்பார். தசராவுக்கு அவ்வளவு இருக்காது சார், மெல்லிசாக ஒன்று போதும் என்று நான் யோசனை சொல்வேன். அவரிடம் அவ்வளவு மரியாதையாக அதற்கு முன் நான் பேசியதில்லை. விமானக் கம்பெனி அவருக்கும் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறது. அவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்ததால் உறையைப் பிரிக்கவே இல்லை என்பதும், பதில் வராததால் விசாரணை முடியும் முன்பே அவர் கணக்கை நிறுத்தி டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டார்கள் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

அவர்கள் கிளம்பும் நாளன்று நான் லீவு போட்டேன். மனைவியிடம் பெங்களூரில் வேலை என்றேன். விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கி உள்ளே போய், ஒரு தூண் ஓரமாக நின்றேன். வந்தார்கள். அவர், மனைவி, மகள், மகன், மாமியார். மாமியார் கையில் ஒரு டிபன் கேரியர். பிள்ளைகள் புது ஷூ போட்டிருந்தார்கள்.

கவுன்டரில் முதலில் சிரித்துப் பேசினார். பிறகு இங்கிலீஷில் சத்தம் போட்டார். பிறகு கன்னடத்தில். உள்ளேயிருந்து டை கட்டிய ஒருவர் வந்து ஒரு காகிதத்தைக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னார். பெரிய பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். அவர் தோள் இறங்கியதைத் தூணிலிருந்தே பார்த்தேன். முழுக் காசு கொடுத்தாலும் அன்றைக்கு ஐந்து பேருக்கு இடம் இல்லை போலிருக்கிறது. பெட்டிகளைத் திரும்பத் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

நான் மறைந்து நிற்கத்தான் நினைத்திருந்தேன். கால் தானாக நடந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டார். அந்த அம்மா எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்தவர்.

"தம்பி! நீங்களும் டெல்லிக்கா? பாருங்க, டிக்கெட்ல ஏதோ குழப்பமாம்."

"இல்லீங்க அண்ணி. உங்களை வழியனுப்பத்தான் வந்தேன்" என்றேன்.

பெரிய பாய் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் கார் நிற்கும் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"நீயா?"

"நான்தான் சார்."

"ஒரு சின்ன விஷயம். அதுக்குப் போய்... என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!"

"அத்தா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நானும் ஒரு வார்த்தை கேட்டேன் சார்."

"அதையும் இதையும் ஏன்டா முடிச்சுப் போடற?" என்றார்.

"முடிச்சுப் போட்டது நீங்க. அந்த டிக்கெட்லயும் உங்க நம்பர்தான் இருந்துச்சு."

அவருக்கு அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பயணத்தின் மைல் என்று பிரித்தெல்லாம் அவர் பார்த்திருக்க மாட்டார், சும்மா சேர்ந்துகொண்டே போயிருக்கும். தெரியாது என்பது எனக்கு அவர் மேல் இன்னும் ஆத்திரத்தைத்தான் மூட்டியது. கையை உதறிக்கொண்டு நின்றேன். கார் கிளம்பியபோது அவர் மகள் ஜன்னலில் முகத்தை வைத்து அழுதுகொண்டு போனாள். பத்து வயது இருக்கும். பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கார் கேட்டைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். எதிரே ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டேன்.

கம்பெனியில் விஷயம் பரவ ஒரு வாரம் ஆயிற்று. ஜெனரல் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மைலுக்காய்யா அடிச்சுக்கறீங்க? ரெண்டு பேரும் ஒரே பேரை வெச்சுக்கிட்டு!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பெரிய பாயும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. அத்தாவைப் பற்றி அந்த அறையில் நான் பேசவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் பெயரை எடுக்க மனசு வரவில்லை. அடுத்த டெல்லிப் பயணத்துக்குப் பெரிய பாய் எனக்கு ரயில் டிக்கெட் போடச் சொன்னார். இரண்டு ராத்திரி, இரண்டாம் வகுப்பு. சந்தோஷமாகப் போய் வந்தேன். அவர் என்ன செய்தாலும் அது அந்தத் தள்ளுவண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனதற்குப் பதிலாகுமா?

விமானக் கம்பெனியின் முடிவு கார்த்திகை மாதம் வந்தது. அவர் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. என் கோரிக்கையில் கடைசி இரண்டு பயணத்துக்கு மட்டும் மைல் தருவதாகவும் மற்றவை காலக்கெடு தாண்டியவை என்றும் எழுதியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு பம்பாய் என்ன, மெட்ராஸ்கூடப் போக முடியாது.

மனைவியிடம் அன்றுதான் முழுக்கதையையும் சொன்னேன். கவுன்டரில் அந்தப் பெண் சொன்ன இரண்டு வழியையும் மறைக்கவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப அன்னைக்கே எங்க டிக்கெட்டு கைக்கு வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"வேணாம்னுட்டு வந்துட்டீங்க."

"அத்தா மவுத்தான பயணத்துலயும் அந்த ஆளு..."

"தெரியுது. மாமாவுக்காகன்னு தெரியுது. ஆனா அந்த மனுஷன் மேல எங்கக்காவுக்கு என்ன கோபம், எனக்கு என்ன கோபம்? உங்க கோபத்துக்கு நாங்க டிக்கெட்டு குடுத்தோம்." சொல்லிவிட்டு மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினாள். அடுத்த மே மாதம் பெங்களூரிலிருந்து ரயிலில் பம்பாய் கூட்டிப்போனேன். அக்காவும் தங்கையும் பிளாட்பாரத்தில் கட்டிக்கொண்டு அழுததில் ஒரு பையைத் தொலைத்தோம்.

அந்த வருஷக் கடைசியில் பெரிய பாய் வேறு கம்பெனிக்குப் போனார். வீடு மட்டும் ஓசூரில்தான். அதற்கு அடுத்த பெருநாளில் ஈத்கா மைதானத்தில் தொழுகை முடிந்து எல்லோரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்தோம். வரிசையில் நகர்ந்து வரும்போது எனக்கு நேர் எதிரே அவர் நின்றார். தாடி வைத்திருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அது நடிப்பு இல்லை. "ஈத் முபாரக், சின்ன பாய்" என்று இரண்டு கையையும் விரித்தார்.

பெருநாளன்று நீட்டிய கையைத் தட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர் நின்றிருந்தார், அதற்கு முன் பேசிப் பழகியதில்லை. நான் அவரை இழுத்து மூன்று தடவை தழுவினேன். அந்தப் பெரியவர் திகைத்துப்போய், "நல்லா இருப்பா, யாரு வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்டார். சூளகிரி என்று சொல்லி, அத்தாவின் பெயரையும் சொன்னேன். விரித்த கையோடு பெரிய பாய் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. பிறகு கூட்டத்தோடு நானும் செருப்பைத் தேடப் போனேன்.